விட்டாச்சு, சரி... சாயங்காலம் என்ன செய்வான்?

போன இதழில் முதல் கட்ட மனப்பிறழ்வைப் பற்றி எழுதியிருந்தேன். டாக்டர்கள் சைக்கோசிஸ் என்பார்கள். யாரும் இல்லாதபோது குரல் கேட்பது, எல்லோரும் தன்னையே கண்காணிக்கிறார்கள் என்று உறுதியாக நம்புவது, யோசனை கோவையில்லாமல் சிதறுவது, இதெல்லாம் அதில் அடக்கம். பெரும்பாலும் பதின்வயதின் கடைசியிலோ இருபதுகளிலோ தலைகாட்டும். அந்தக் கட்டுரையில் கஞ்சாவைப் பற்றி ஒரே ஒரு வரிதான் இருந்தது: அது இந்த நோயைக் கிளப்பிவிடும், திரும்பவும் கொண்டுவரும் என்று. வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு வந்தவை. சரி, இந்த மாதம் முழுக்க அதுதான்.

நான் டாக்டர் இல்லை, மனநல சமூகப் பணியாளர். மாத்திரை எழுதுவது என் வேலையில்லை. மாத்திரை வேலை செய்ய ஆரம்பித்த பிறகு அந்தப் பிள்ளை எழுந்து எங்கே போகும், யாரோடு பேசும் என்பதுதான் என் கவலை. பதில்களும் அந்தப் பக்கமே சாய்ந்திருக்கும். ஆளை அடையாளம் காட்டும் விவரங்களைக் கடிதங்களில் மாற்றியிருக்கிறேன்.

கேள்வி: என் மகனுக்கு 21 வயது. போன வருடம் ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டி வந்தது. மருந்தில் குரல் கேட்பது நின்றுவிட்டது. கஞ்சாவை விட்டும் நாலு மாதமாகிறது. அவனேதான் விட்டான். ஆனால் மத்தியானம் வரை படுக்கை, எழுந்தால் போன், மறுபடி படுக்கை. கேட்டால், "எல்லாத்தையும்தான் விட்டுட்டேனே, இன்னும் என்ன வேணும்?" என்கிறான். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. இவன் குணமாகிவிட்டானா இல்லையா? (ஒரு அம்மா)

பாதி குணமாகியிருக்கிறான். மீதிப் பாதியைப் பற்றித்தான் யாரும் அவனிடம் பேசவில்லை. வீட்டில், ஆஸ்பத்திரியில், எல்லோரும் "விடு, விடு" என்றுதான் சொல்லியிருப்பார்கள். விட்ட பிறகு என்ன என்று அவன் கேட்பது நியாயம்தான்.

கஞ்சா அவன் நாளில் எவ்வளவு இடத்தை அடைத்திருந்தது என்று யோசித்துப் பாருங்கள். இழுக்கிற நேரம் கொஞ்சம்தான். யாரிடம் இருக்கிறது என்று விசாரிக்க, காசு சேர்க்க, போய் வாங்க, நாலு பேர் கூட, மறைவாக ஒரு இடம் தேட, இழுத்துவிட்டுக் கிறங்கி உட்கார, கண் சிவப்பு அடங்கும்வரை வீட்டுக்கு வராமல் சுற்ற... சாயங்காலம் முழுக்க அதிலேயே போயிருக்கும். அதில் பேச்சு இருந்தது, சிரிப்பு இருந்தது, தினமும் செய்து முடிக்க ஒரு காரியமும் இருந்தது. அத்தனையும் ஒரே நாளில் காலி. அந்த இடத்தில் நாம் வைத்தது ஒரு கட்டில்.

இதைப் பேசுவதற்கு முன்னால் சிலவற்றைச் சரிபார்த்துவிட வேண்டும். படுத்தே கிடப்பது மாத்திரை மயக்கமாக இருக்கலாம். அப்படியென்றால் டோஸையோ சாப்பிடும் நேரத்தையோ டாக்டர் மாற்றிக் கொடுப்பார். இந்த நோயிலேயே ஆர்வமும் முனைப்பும் வற்றிப்போவது உண்டு. குரலை அடக்குகிற மருந்து அதை அவ்வளவாகத் தொடாது. அப்புறம் மனச்சோர்வு. தெளிவு வந்த பிறகுதான் "எனக்கு என்ன ஆச்சு, என் படிப்பு என்ன ஆச்சு" என்பதெல்லாம் உறைக்க ஆரம்பிக்கும். நோய் வந்த முதல் சில வருடங்களில் தற்கொலை ஆபத்து அதிகம். அதனால் நேராகவே கேளுங்கள்: "செத்துடலாம்னு தோணுதாப்பா?" கேட்பதால் இல்லாத எண்ணம் புதிதாக முளைத்துவிடாது. ஆமாம் என்றால் அன்றைக்கே டாக்டர். அதுவரை தனியாக விட வேண்டாம்.

இவை எதுவும் இல்லையென்றால் மிச்சம் இருப்பது காலி நேரம். இதை மணிக்கணக்கில் அளந்தே பார்த்திருக்கிறார்கள். படிப்பு, வேலை, விளையாட்டு, வீட்டு வேலை, திட்டம் போட்டு வெளியே போவது என்று வாரத்தில் எத்தனை மணி நேரம் போகிறது என்று கூட்டினால், நோயில்லாத இளைஞர்களுக்குச் சராசரியாக 60 மணியைத் தாண்டும். 30 மணியும் அதற்குக் கீழும் இருந்த நோயாளிகளை எடுத்துக்கொண்டு பிரிட்டனில் டேவிட் ஃபௌலரின் குழு ஒரு சோதனை நடத்தி, 2018இல் முடிவை வெளியிட்டது. வழக்கமான சிகிச்சையோடு, வெளியே போய்க் காரியம் செய்வதையே குறியாக வைத்த பேச்சு சிகிச்சையும் சிலருக்குக் கொடுத்தார்கள். ஒன்பது மாத முடிவில், அது கிடைக்காதவர்களைவிட இவர்களுக்கு வாரத்துக்குச் சுமார் 8 மணி நேரம் கூடியிருந்தது. எட்டு மணிதானா என்று நினைக்காதீர்கள். எட்டு மணி என்றால் மூன்று சாயங்காலம்.

நான் செய்வது ரொம்பச் சாதாரணம். ஒரு தாளில் வாரத்தின் ஏழு நாளையும் கட்டம் போட்டு, முன்பு இழுக்கக் கிளம்பிய நேரத்தை முதலில் வட்டமிடச் சொல்வேன். ஒரு பையன் எல்லா நாளிலும் நாலரையிலிருந்து ஏழு வரை வட்டமிட்டான். "அந்த நேரம் வந்தா கால் தானா வாசலுக்குப் போகுது" என்றான். காலை ஆறு மணிக்கு எழுந்து ஓடுவது, ஆங்கிலம் கற்றுக்கொள்வது என்றெல்லாம் அவன் அப்பா ஒரு பட்டியலோடு வந்திருந்தார். அதை ஓரமாக வைத்துவிட்டு அந்த இரண்டரை மணி நேரத்தை மட்டும் எடுத்துக்கொண்டோம். அவன் பள்ளியில் வாலிபால் ஆடியவன். மாத்திரையில் கை கால் கனத்துப்போய் ஆட முடியவில்லை. சரி, ஸ்கோர் எழுது என்றோம். முதல் மாதம் முழுக்க ஸ்கோர்தான் எழுதினான். ஸ்கோர் எழுதுகிறவனிடம் யாரும் சொந்தக் கதை கேட்பதில்லை. ஆனால் பாயிண்டுக்குப் பாயிண்டு எல்லோரும் வந்து சண்டை போடுவார்கள், சமாதானமாவார்கள், ஆட்டம் முடிந்து போகும்போது "நாளைக்கு வருவேல்ல?" என்பார்கள். இந்தக் கடைசிக் கேள்வியை உங்கள் மகனிடம் இப்போது யாரும் கேட்பதில்லை. அதுதான் குறை.

அவனுக்குச் சொல்ல ஒரு பதில் கேட்டீர்கள். "நீ விட்டது பெரிய விஷயம்டா. இனிமே எதையும் விட வேண்டாம், ஒவ்வொண்ணா சேர்ப்போம்" என்று சொல்லிப் பாருங்கள். "போய்ச் செய்" என்பதைவிட "வா, சேர்ந்து செய்வோம்" என்றால் எழுந்திருப்பது சுலபம்.

கேள்வி: வீட்டிலேயே சோதிக்கிற சிறுநீர் அட்டை வாங்கி வைத்திருக்கிறேன். மூன்று வாரமாகத் தொடவில்லை என்று மகன் சத்தியம் செய்கிறான். அட்டையோ இருக்கிறது என்று காட்டுகிறது. பொய் சொல்கிறவனை என்ன செய்வது? நான் விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு நாள் முழுக்க அவன் கூடவே இருக்கிறேன். (ஒரு அப்பா)

அவன் உண்மை சொல்லியிருக்க நிறைய வாய்ப்பு உண்டு. கஞ்சாவில் போதை தருகிற டி.எச்.சி. கொழுப்பில் தங்கிக்கொண்டு மெல்ல மெல்ல வெளியேறும். எப்போதோ ஒருமுறை இழுத்தவருக்குச் சில நாளில் சுத்தமாகிவிடும். தினமும் இழுத்தவருக்கு விட்ட பிறகும் மூன்று நாலு வாரம், சிலருக்கு அதற்கும் மேலே, அட்டை இருக்கிறது என்றே காட்டும். உண்மையாக விட்டவனைப் பொய்யன் என்று சொல்லிவிட்டால், "எப்படியும் நம்பப் போறதில்ல" என்று அவன் திரும்பிப் போவதற்கு நீங்களே வழி திறந்துவிட்டீர்கள் என்று அர்த்தம்.

அட்டையை நம்பிச் சிகிச்சை நடத்த முடியுமா என்றும் பார்த்திருக்கிறார்கள். பிரிட்டனில் முதல் கட்ட மனப்பிறழ்வு உள்ள 551 பேரை வைத்து நடந்த ஆய்வு, 2019இல் வெளிவந்தது. பாதிப் பேருக்கு, சிறுநீரில் கஞ்சா இல்லையென்றால் பரிசுக் கூப்பன் கொடுத்தார்கள். மறுபடி நோய் முற்றி ஆஸ்பத்திரி சேர்வது இதனால் தள்ளிப்போகவில்லை. பரிசுக்கே இந்தக் கதி என்றால், ஒளிந்திருந்து செய்யும் சோதனையில் எனக்கு நம்பிக்கை இல்லை. சோதனை வேண்டும் என்று டாக்டர் நினைத்தால் அவனுக்குத் தெரிந்தே, அவன் சம்மதத்தோடு செய்வார்.

இதைவிட என்னை உறுத்தியது உங்கள் கடிதத்தின் கடைசி வரி. 1976இல் வான், லெஃப் என்ற இருவர் வெளியிட்ட பழைய ஆய்வு ஒன்று உண்டு. குறை சொல்வதும் பொத்திப் பொத்திக் காப்பதும் அதிகமாக உள்ள வீடுகளில் நோய் திரும்புவது கூடுதலாக இருந்தது. அந்த வீட்டிலும், நேருக்கு நேர் இருக்கும் நேரம் வாரத்துக்கு 35 மணியைத் தாண்டினால் இன்னும் மோசம். நீங்கள் பாசத்தில்தான் கூடவே இருக்கிறீர்கள். ஆனால் நாள் முழுக்க ஒருவர் கண்காணித்தால், ஏற்கெனவே "யாரோ என்னைக் கவனிக்கிறாங்க" என்று பயந்திருந்த பிள்ளைக்கு எப்படி இருக்கும்? மேலே அந்த அம்மாவுக்குச் சொன்ன மூன்று சாயங்காலம் இங்கேயும் உதவும். அவன் வெளியே இருக்கிற நேரம் உங்கள் இருவருக்குமே நல்லது. நீங்களும் உங்கள் பழைய நண்பர்களைப் போய்ப் பாருங்கள் சார்.

கேள்வி: இழுத்த அன்றைக்கு மாத்திரை போடக்கூடாது என்று நண்பன் சொல்கிறான். உண்மையா?

இல்லை. மாத்திரையை விடக்கூடாது. இப்படி அன்றன்றைக்கு விட்டுவிட்டுத்தான் பலருக்கு மருந்தே நின்றுபோகிறது. நோயைத் திரும்பக் கொண்டுவருவதில் கஞ்சாவுக்குப் போட்டி என்று எதையாவது சொல்வதென்றால் அது மருந்தை நிறுத்துவதுதான். இரண்டும் சேர்ந்தால் தூக்கக் கலக்கம் கூடும். அதனால் வண்டி ஓட்டாதீர்கள். டாக்டரிடம் மறைக்காதீர்கள். மாத்திரையை நினைவு வைத்துக்கொள்வதே தொல்லையாக இருக்கிறது என்றால் மாதம் ஒருமுறை போடும் ஊசியும் இருக்கிறது, கேட்டுப் பாருங்கள்.

கேள்வி: வயது 23. ரெண்டு தடவை ஆஸ்பத்திரியில் இருந்திருக்கிறேன். டாக்டர், அம்மா எல்லாரும் அந்த செட்டை விடு என்கிறார்கள். சொந்தக்காரர்கள் என்னைப் பார்த்தால் குரலைத் தாழ்த்திப் பேசுகிறார்கள். அந்தப் பசங்க மட்டும்தான் என்னைப் பைத்தியம்னு நினைக்கல. முதல் தடவை யாரோ துரத்துறாங்கன்னு நான் ஓடினப்ப, பிடித்து வீட்டுல கொண்டுவந்து விட்டதும் அவங்கதான். அவங்களையும் விட்டா எனக்கு யாரு இருக்கா?

தம்பி, உங்களைப் பிடித்து வீட்டில் விட்டவர்களைக் கெட்ட சகவாசம் என்று சொல்ல என் வாய் வராது. ஏன் இழுக்கிறீர்கள் என்று உங்களைப் போன்றவர்களிடம் பல ஆய்வுகளில் கேட்டிருக்கிறார்கள். போரடிக்குது, மனசு சரியில்ல, தூக்கம் வரல, நாலு பேரோட இருக்கலாம். அதிகமாக வந்த பதில்கள் இவைதான். குரலை அடக்க என்று சொன்னவர்கள் குறைவு. இன்னொன்றும் கண்டிருக்கிறார்கள். இந்த நோய் வந்தவர்களில் கஞ்சா பழக்கம் இருந்தவர்கள், நோய்க்கு முன்னால் மற்றவர்களைவிட நன்றாகப் பழகத் தெரிந்தவர்களாக இருந்திருக்கிறார்கள். ஆள் பழக்கம் இல்லாதவனுக்கு அது கிடைக்காதே! ஆக, பழகுகிற திறமை உங்களிடம் இருக்கிறது. கஞ்சா போனாலும் அது போகாது.

ஆனால் இதையும் கேளுங்கள். 2016இல், பல ஆய்வுகளை ஒன்றுசேர்த்து அலசிய ஒரு கட்டுரை வந்தது. நோய் வந்த பிறகும் கஞ்சாவைத் தொடர்ந்தவர்களுக்கு நோய் அதிகமாகத் திரும்பியது, ஆஸ்பத்திரியில் அதிக நாள் இருந்தார்கள். விட்டவர்களோ, எப்போதுமே தொடாதவர்களைப் போலவே இருந்தார்கள். "இவ்வளவு வருஷம் இழுத்தாச்சு, இனி விட்டு என்ன" என்பதற்கு இதுதான் பதில். ரெண்டு தடவை போய் வந்துவிட்டீர்கள். ஒவ்வொரு தடவையும் படிப்பிலும் வேலையிலும் எத்தனை மாதம் போனது என்பது என்னைவிட உங்களுக்குத் தெரியும்.

செட்டை மொத்தமாக விடுவதா வேண்டாமா என்று யோசிக்காதீர்கள். பிரியுங்கள். ஒவ்வொரு பெயராக எழுதி, பக்கத்தில் ஒரே கேள்விக்கு விடை எழுதுங்கள்: இவனும் நானும் சரக்கு இல்லாமல் எப்போதாவது சந்தித்திருக்கிறோமா? பெரும்பாலும் ஒருவரோ இருவரோ தேறுவார்கள். அநேகமாக அன்றைக்கு உங்கள் கையைப் பிடித்து இழுத்து வந்தவன் அதில் இருப்பான். அவனை மட்டும் தனியாக, பகலில், இழுக்க முடியாத ஒரு இடத்தில் பாருங்கள். கூட்டத்தில் ஒருத்தன் பற்ற வைத்தால் மறுப்பது கஷ்டம், தனி ஆளிடம் பேசுவது வேறு. அவனிடம் விஷயத்தைச் சொல்லுங்கள், கூட்டத்தில் உங்களுக்குப் பரிந்து பேச ஒரு ஆள் கிடைக்கும். வாட்ஸ்அப் குரூப்பை விட்டு அறிவிப்போடு வெளியேற வேண்டாம். சத்தத்தை மட்டும் நிறுத்துங்கள். வெளியேறினால் ஏன் என்று எல்லோரும் கேட்பார்கள்.

நீட்டினால் சொல்ல ஒரு வரி தயாராக இருக்கட்டும். "வேணாம் மச்சி, இழுத்தா எனக்கு மூணு நாள் தூக்கம் போயிடுது." அவ்வளவுதான். காரணத்தை நீட்ட நீட்ட அது வாதமாகும், வாதத்தில் அவர்கள்தான் ஜெயிப்பார்கள். சிரிக்காமல் சொல்ல வரும்வரை இதை வாய்விட்டுச் சொல்லிப் பழகுங்கள். என் அறையில் பையன்கள் சொல்லிப் பார்க்கும்போது நான்தான் நீட்டுகிற ஆள். ரொம்ப வற்புறுத்துவேன்.

விட்ட ஓரிரு நாளில் எரிச்சல், பசியின்மை, தூக்கமின்மை, விசித்திரமான கனவுகள் வரும். முதல் வாரத்தில் உச்சத்துக்குப் போய், இரண்டு வாரத்தில் பெரும்பாலும் அடங்கும். வீட்டில் இருப்பவர்கள் நோய் திரும்பிவிட்டது என்று பயப்படுவார்கள், முன்கூட்டியே சொல்லி வையுங்கள். தூக்கம் மட்டும் தொடர்ந்து கெட்டால் சும்மா இருக்கக் கூடாது. தூக்கமின்மையே நோயைக் கிளப்பிவிடும். டாக்டரிடம் தூக்கத்துக்கு வழி கேளுங்கள்.

நடுவில் ஒருநாள் வழுக்கினால்? அடுத்த நாள் தாளில் எழுதியிருக்கும் வேலைக்குப் போங்கள். முழுசாக விடுவதுதான் நல்லது. ஆனால் தினமும் என்பதை வாரம் ஒருமுறை ஆக்கிவிட்டு வருகிறவரையும் நான் வாசலில் நிறுத்துவதில்லை.

கேள்வி: சித்தி மகன், எனக்குத் தம்பி. அவனுக்குப் பதினாறு வயதில் முதல் இழுப்பைக் கொடுத்தது நான். இப்போது அவனுக்கு மனச்சிதைவு என்கிறார்கள். நான் பத்து வருடமாக இழுக்கிறேன், எனக்கு ஒன்றும் ஆகவில்லை. அவனுக்கு மட்டும் ஏன்? என்னால்தானா?

உங்களால்தான் என்று யாராலும் நிரூபிக்க முடியாது. உங்களுக்குச் சம்பந்தமே இல்லை என்று நான் சொல்லவும் மாட்டேன்.

மனச்சிதைவு என்பது மனப்பிறழ்வு நீண்ட நாள் நீடிக்கும் நோய், டாக்டர்கள் ஸ்கிசோஃப்ரீனியா என்பார்கள். தெரிந்தது இது. ஸ்வீடனில் ராணுவத்துக்கு ஆள் எடுத்தபோது கேள்வி கேட்டுப் பதிவு செய்த 45,000க்கும் மேற்பட்ட இளைஞர்களைப் பதினைந்து வருடம் பின்தொடர்ந்தார்கள். 50 தடவைக்கு மேல் இழுத்திருந்தவர்களுக்கு மனச்சிதைவு ஆறு மடங்கு அதிகமாக வந்திருந்தது. 1987இல் வந்த முடிவு இது. நியூசிலாந்தின் டுனெடின் நகரில் பிறந்த பிள்ளைகளைத் தொடர்ந்து கவனித்தவர்கள், பதினைந்து வயதுக்குள் ஆரம்பித்தவர்களுக்கே ஆபத்து அதிகம் என்று 2002இல் எழுதினார்கள். ஐரோப்பாவிலும் பிரேசிலிலும் 11 இடங்களில் நடந்த ஆய்வு 2019இல் வந்தது. இழுக்காதவர்களைவிடத் தினமும் இழுப்பவர்களுக்கு மனப்பிறழ்வு வரும் வாய்ப்பு மூன்று மடங்கு, அதுவும் டி.எச்.சி. 10 சதவீதத்துக்கு மேல் உள்ள வீரியச் சரக்கைத் தினமும் இழுத்தால் ஏறக்குறைய ஐந்து மடங்கு. சரக்கும் பழையபடி இல்லை. அமெரிக்காவில் பிடிபட்ட கஞ்சாவில் 1995இல் சுமார் 4 சதவீதமாக இருந்த டி.எச்.சி. 2014இல் சுமார் 12 சதவீதம்.

ஆனாலும் இழுக்கிறவர்களில் பெரும்பாலோருக்கு இந்த நோய் வருவதில்லை. நீங்களே சாட்சி. பரம்பரை, சின்ன வயதில் பட்ட அடிகள், மூளை வளர்ந்துகொண்டிருந்த வயது, சரக்கின் வீரியம் எல்லாம் சேர்ந்து ஒருவரைத் தாக்குகிறது, பக்கத்தில் இருப்பவரை விட்டுவிடுகிறது. யாரை என்று முன்கூட்டிச் சொல்லும் சோதனை கிடையாது. அதனால்தான் "எனக்கு ஒண்ணும் ஆகலையே" என்ற வாக்கியம் ஆபத்தானது. அதை அவன் முன்னால் ஒருநாளும் சொல்லிவிடாதீர்கள். "அண்ணனுக்கு ஆகல, அப்ப எனக்கும் இது காரணமில்ல" என்று அவன் எடுத்துக்கொள்வான். அல்லது, தான்தான் பலவீனமானவன் என்று நினைத்துக்கொள்வான்.

மன்னிப்பு கேட்க வேண்டும்போல இருந்தால் ஒருமுறை, சுருக்கமாகக் கேளுங்கள். அவன் காலில் விழுந்து அழுது, கடைசியில் அவன் உங்களைத் தேற்ற வேண்டிய நிலைக்குக் கொண்டுபோகாதீர்கள். அப்புறம் செய்ய வேண்டியதைச் செய்யுங்கள். அவனைப் பார்க்கப் போகும் நாளில் இழுத்துவிட்டுப் போகாதீர்கள். சட்டையில் இருக்கும் வாசமே அவனுக்கு எல்லாவற்றையும் கிளப்பிவிடும். வாரத்தில் ஒரு சாயங்காலத்தை உங்களுடையது என்று எடுத்துக்கொள்ளுங்கள். முதல் இழுப்புக்கு உங்கள் பின்னால் வந்தவன் இதற்கும் வருவான். உங்கள் பேச்சுக்கு அவனிடம் இருக்கும் மதிப்பு அவன் அப்பாவுக்குக்கூட இருக்காது.

கேள்வி: கஞ்சா எண்ணெய் நல்லது, அதில் இருக்கும் சி.பி.டி. மனநோயைக் குணப்படுத்தும் என்று வீடியோவில் சொல்கிறார்கள். தங்கைக்குக் கொடுக்கலாமா?

சி.பி.டி.யில் போதை இல்லை என்பது சரி. சுத்திகரித்த சி.பி.டி.யை ஒரு நாளைக்கு 1,000 மில்லிகிராம் அளவில், வழக்கமான மருந்தோடு சேர்த்துக் கொடுத்த ஆய்வு 2018இல் வந்தது. ஓரளவு பலன் தெரிந்தது. பாட்டிலில் விற்கிற எண்ணெயில் அந்த அளவு கிட்டத்தில்கூட வராது. டி.எச்.சி. கலந்திருந்தால் தங்கைக்கு ஆகாது. வேண்டாம்.

கேள்வி: போன இதழில் முழுக்கப் பையன், பையன் என்றே எழுதியிருந்தீர்கள். நான் பெண், 20 வயது. ஹாஸ்டலில் பழகி, நோய் வந்து, ஒரு வருடம் போய்விட்டது. டாக்டர் கஞ்சாவைப் பற்றிக் கேட்டார், சொன்னேன். இப்போது கஞ்சா இல்லை. அடுத்த மாதம் கல்லூரிக்குத் திரும்ப வேண்டும். குரல் முழுசாகப் போகவில்லை, எப்போதாவது முணுமுணுக்கிறது. அது போகும்வரை காத்திருக்கவா? வகுப்பில் கேட்டால் என்ன சொல்ல?

பெண்களுக்கு இந்த நோய் சராசரியாகச் சில வருடம் தள்ளி வரும். கஞ்சா பழக்கமும் குறைவு என்பதால் யாரும் கேட்பதும் இல்லை. உங்கள் டாக்டராவது கேட்டாரே என்று சந்தோஷப்படுகிறேன்.

காத்திருக்க வேண்டாம், டாக்டருக்குச் சம்மதமென்றால். முழுசாகக் குணமாகி, பயிற்சியெல்லாம் முடித்து, அப்புறம் வெளியே அனுப்புவது என்பது பழைய முறை. அமெரிக்காவில் ராபர்ட் டிரேக், டெபோரா பெக்கர் இருவரும் 1990களில் அதைத் திருப்பிப் போட்டார்கள். முதலில் உண்மையான வேலையில் சேர், உதவியை அங்கேயே கொடுக்கிறோம் என்றார்கள். பல நாடுகளில் சோதித்ததில், பயிற்சி முதலில் என்ற முறையைவிட இதில்தான் அதிகம் பேர் வேலையில் சேர்ந்தார்கள். படிப்புக்கும் இதே வழியைப் பின்பற்றுகிறார்கள். குரல் முணுமுணுக்கும்போதே பாடம் கவனிக்கிறவர்கள் இருக்கிறார்கள். கடைசி பெஞ்ச் வேண்டாம். முதல் செமஸ்டரில் பாடங்களைக் குறைத்துக்கொள்ள முடியுமா என்று கேளுங்கள். இரவு மாத்திரையால் காலை முதல் வகுப்பு எட்டாது என்றால் அதையும் இப்போதே பேசி வையுங்கள். ஹாஸ்டலில் பழைய அறை வேண்டவே வேண்டாம். வார்டனிடம் கேட்கத் தயக்கமாக இருந்தால் வீட்டிலிருந்து கேட்கச் சொல்லுங்கள்.

வகுப்பில் கேட்பவர்களிடம் பொய் சொல்ல வேண்டாம், முழுக் கதையும் சொல்ல வேண்டாம். "உடம்பு சரியில்லாம ட்ரீட்மென்ட்ல இருந்தேன், இப்ப பரவால்ல. ஆமா, நான் இல்லாதப்ப யார் யாரெல்லாம் அரியர் வச்சீங்க?" என்று திருப்பி ஒரு கேள்வி கேட்டுவிட்டால் பேச்சு அவர்கள் பக்கம் போய்விடும். துறையில் ஒரு ஆசிரியருக்குக் கொஞ்சம் கூடுதலாகத் தெரியட்டும். ஒரே ஒரு தோழிக்கு மட்டும் எல்லாம் தெரியட்டும். உங்களுக்கு நோய் ஆரம்பித்தபோது முதலில் வந்த அறிகுறிகள் எவை? இரண்டு இரவு தூங்காததா, போன் ஒட்டுக்கேட்கப்படுவதாகத் தோன்றியதா, குளிக்காமல் விட்டதா? அதை எழுதி, கீழே டாக்டர் நம்பரையும் எழுதி அவளிடம் கொடுங்கள். நமக்குத் தெரிவதற்கு முன்னால் அது அடுத்தவர் கண்ணில் படும்.

கேள்வி: மகன் சிகரெட்டில் கலந்துதான் இழுப்பான். இப்போது கஞ்சா, சிகரெட் இரண்டையும் சேர்த்து நிறுத்திவிட்டான். மாத்திரை அதே ஓலான்சபின், அதே டோஸ். ஆனால் பத்து நாளாக நாள் முழுக்கத் தூக்கம், நடந்தால் தள்ளாடுகிறான். திருட்டுத்தனமாக வேறு ஏதாவது எடுக்கிறானோ? (இன்னொரு அம்மா)

அவன் நல்லது செய்ததால் வந்த தொல்லையாக இருக்கலாம். புகை உள்ளே போனால் கல்லீரலில் ஒரு நொதி வேகமெடுத்து ஓலான்சபினை, இதே நோய்க்குக் கொடுக்கும் குளோசபினை எல்லாம் சீக்கிரம் கரைத்து வெளியேற்றிவிடும். புகைக்கிற காலத்தில் அதற்கு ஏற்றபடி டோஸ் ஏறியிருக்கும். புகை நின்ற சில நாளில் நொதி அடங்கிவிடுவதால், அதே மாத்திரை ரத்தத்தில் அதிகமாக நிற்கும். நிகோடினுக்கு இதில் பங்கில்லை, புகைதான் காரணம். அதனால் நிகோடின் ஒட்டுப்பட்டை ஒட்டியிருந்தாலும் இப்படியே ஆகும். குளோசபின் என்றால் இன்னும் கவனம் வேண்டும், வலிப்பு வரைகூடப் போகலாம்.

நீங்களாக மாத்திரையைக் குறைக்காதீர்கள், நிறுத்தாதீர்கள். இன்றைக்கே டாக்டருக்குப் போன் செய்து, எந்தத் தேதியில் புகையை நிறுத்தினான், ஒரு நாளைக்கு எத்தனை பிடித்துக்கொண்டிருந்தான் என்று சொல்லுங்கள். அடுத்த முறை போகும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று வைக்க வேண்டாம். அவர் டோஸை மாற்றிய பிறகு மறுபடி புகைக்க ஆரம்பித்தால் அதையும் மகன் சொல்ல வேண்டும். அப்போது மருந்து குறைந்துபோய் நோய் தலைதூக்கும்.